சோம் மேட்டில் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களுக்கு

வட பிரான்ஸின் சோம் வட்டாரத்தில் அல்பேர் என்ற சிற்றூரிலிருந்து பப்போம் என்ற இன்னொரு சிற்றூருக்கு ரோமானியர் காலத்துச் சாலை ஒன்று கோடு கிழித்தாற்போல் நேராக ஓடுகிறது. தூரம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். நிதானமாக மிதித்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1 காலை, ஜெர்மானியரைத் தாக்க அல்பேருக்கு வெளியிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் படை, நவம்பர் 18 வரை நாலரை மாதம் போரிட்டும் பப்போமைத் தொடவில்லை. அதிகம் முன்னேறிய இடத்தில்கூடப் பத்து கிலோமீட்டர் அளவுதான். அதற்குள் இரு தரப்பிலும் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்ந்து பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

இந்தக் கணக்கு எந்த வரலாற்று நூலிலும் கிடைக்கும். மிதித்துப் பார்த்தால்தான் அது உடம்பில் ஏறும். சோம் நிலத்தைப் பார்க்க சைக்கிளைவிட நல்ல வண்டி கிடையாது என்பது என் உறுதியான கருத்து. காரில் போகிறவருக்கு இங்கே மேடு தெரியாது. கோதுமை வயல்களுக்கு நடுவே அலையலையாகப் போகும் அழகான சாலை என்று மட்டும் தோன்றும். சைக்கிளில் போகிறவரின் தொடைக்குத் தெரியும். அல்பேரிலிருந்து போசியேர் கிராமத்துக்கு ஏழு கிலோமீட்டர் போல, நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். கியரை இறக்கினால் சமாளிக்கக்கூடிய, ஆனால் விடாமல் தொடரும் ஏற்றம். அந்த மேட்டைத்தான் 1914 இலையுதிர் காலத்திலேயே ஜெர்மானியர் பிடித்துக்கொண்டார்கள். கீழே இருந்தவர்கள் ஏறி வரவேண்டும், ஆளுக்கு ஏறக்குறைய முப்பது கிலோ சுமையோடு. முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் அடிபட்டார்கள். அவர்களில் 19,240 பேர் இறந்தார்கள்.

ஆகவே முதல் பாடம் இது: எந்த ஏற்றத்தையும் ஏறி முடித்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். இயந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் இருந்தவன் கண்ட காட்சி அதுதான். நீங்கள் மூச்சு வாங்க ஏறிய அத்தனை தூரமும், ஒரு மரம்கூட மறைக்காமல், கையில் விரித்துப் பிடித்ததுபோல் கிடக்கும். போசியேரில் காற்றாலை இருந்த திட்டில் நின்று இப்படிப் பார்த்தால், அந்தக் கொஞ்ச நிலத்துக்காக ஆஸ்திரேலியப் படை ஏன் அவ்வளவு பேரை இழந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பப்போம் நெடுஞ்சாலையான டி929இல் லாரிகள் பறக்கும். அதில் தேவையான அளவுக்கு மட்டும் போய்விட்டுக் கிளைச் சாலைகளுக்கு இறங்கிவிடுங்கள். லா புவாசெல்லிலிருந்து கோந்தால்மேசோன், பஸாந்தான் வழியாக லோங்வல் போகும் சிறு சாலை எனக்கு மிகவும் பிடித்தது. லா புவாசெல்லின் ஓரத்தில் ஒரு பெரும்பள்ளம் இருக்கிறது. ஜெர்மானிய அரணுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ஜூலை 1 காலை 7.28க்கு வெடிவைத்ததில் உண்டானது. குறுக்களவு நூறு மீட்டர் அளவு. வேறு சில பள்ளங்கள் மூடப்பட்டுவிட, இதை ஒருவர் சொந்தப் பணத்தில் வாங்கிக் காப்பாற்றினார். விளிம்பைச் சுற்றி நடக்கலாம். உள்ளே இறங்கக் கூடாது.

மேட்டுக்கு அடுத்தபடி மண்ணைக் கவனியுங்கள். மேலே பழுப்பு, அடியில் வெள்ளைவெளேரென்ற சுண்ணாம்பு. இந்தச் சுண்ணாம்பு தோண்டவும் எளிது, இடிந்து விழாமல் நிற்கவும் செய்யும். அதனால்தான் ஜெர்மானியர் பத்து மீட்டர் ஆழம்வரை போய்த் தங்குமிடங்கள் குடைந்தார்கள். தாக்குதலுக்கு முந்தைய ஒரு வாரம் அவர்கள் தலைக்கு மேல் ஏறக்குறைய 15 லட்சம் குண்டுகள் விழுந்தும் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததற்குக் காரணம் இதுவே. உழவு முடிந்த வயலில், குறிப்பாக மழைக்குப் பின், வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து தெரியும். பதுங்குகுழி தோண்டியபோது மேலே வந்த சுண்ணாம்பு நூறாண்டு உழவுக்குப் பிறகும் மண்ணோடு கலந்துவிடவில்லை. வழிகாட்டிப் பலகை எதுவும் இல்லாத இடத்தில் இந்தக் கோட்டை நீங்களே கண்டுபிடிக்கும் கணம், இந்தப் பயணத்தின் பெரிய இன்பங்களில் ஒன்று.

அந்த 15 லட்சத்தில் வெடிக்காமல் புதைந்தவை ஏராளம். இன்றும் கலப்பை அவற்றைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறது. உழவர்கள் எடுத்து வயலோரத்திலோ மின்கம்பத்தடியிலோ வைப்பார்கள். வெடிகுண்டு அகற்றும் அரசுப் பிரிவினர் வந்து கொண்டுபோவார்கள். துருப்பிடித்த இரும்பைக் கண்டால் எட்டி நின்று பாருங்கள். தொடாதீர்கள், காலால் தட்டாதீர்கள். சில குண்டுகளில் விஷவாயு இருக்கிறது.

இனி கல்லறைகள். இங்கே அவசரப்படாமல் நிற்கவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு நாடும் தன் துயரத்தை ஒவ்வொரு விதமாக அடுக்கி வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் கல்லறைகளில் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு வெள்ளைக் கல். அடியில் பூச்செடிகள், அழகுக்கு மட்டுமல்லாமல், மழையில் மண் தெறித்து எழுத்தை மறைக்காமல் இருப்பதற்கும் அவை உதவுகின்றன. கற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றால், அங்கே பிரித்தெடுக்க முடியாமல் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள் என்று பொருள். சீரான இடைவெளியில் நீண்ட வரிசைகளாக நின்றால், பெரும்பாலும் போருக்குப் பின் சுற்றுவட்டார வயல்களிலிருந்து எடுத்துவந்து அடக்கம் செய்தவை. பெயரைப் படிக்கும் முன் தேதிகளைப் படித்துக்கொண்டே ஒரு வரிசை நடந்து பாருங்கள். ஒரே தேதி திரும்பத் திரும்ப வரும். பல கற்களில் பெயரே இருக்காது. கடவுளுக்குத் தெரிந்தவர் என்று மட்டும் பொறித்திருக்கும்.

பெரோன் என்ற ஊருக்கு வடக்கே ரான்கூர் என்ற சின்னக் கிராமத்தில் பிரெஞ்சு, ஜெர்மானிய, பிரிட்டிஷ் கல்லறைகள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு பிற்பகலை இங்கேயே செலவழிக்கலாம். பிரெஞ்சுப் பக்கத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர்; சிலுவைகளுக்கு நடுவே ஆப்பிரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வந்த முஸ்லிம் வீரர்களின் கற்களைத் தேடிப் பாருங்கள். ஜெர்மானியப் பக்கத்தில் பதினோராயிரத்துக்கும் மேல், பாதிக்கு மேற்பட்டோர் பெருங்குழிகளில். மரநிழல், கறுத்த சிலுவைகள், பூக்கள் இல்லை. இடையிடையே யூத வீரர்களின் கற்கள். ஜெர்மனிக்காக 1916இல் உயிரைக் கொடுத்த அந்த யூதர்களின் குடும்பங்களுக்கு இருபத்தைந்து ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்பதை அறிந்தவர்களால் அந்தக் கற்களை எளிதில் கடந்துபோக முடியாது.

தியெப்வல் மேட்டில் நிற்கும் பெரிய செங்கல் வளைவு வெகு தூரத்திலிருந்தே தெரியும். உடல் கிடைக்காத 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. 1932இல் திறக்கப்பட்ட இதை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட டெல்லி இந்தியா கேட்டும் அவருடையதே. டெல்லியில் ஒற்றை வளைவு; தியெப்வலில் வளைவுக்குள் வளைவாகப் பிரிந்து பதினாறு தூண்கள், எல்லாப் பக்கமும் பெயர் எழுத இடம் வேண்டும் என்பதற்காக. இரண்டையும் பார்த்தவருக்கு அந்தக் கட்டடக்கலைஞர் எதைத் தேடினார் என்பது பிடிபடும். இங்கிருந்து ஆன்க்ர் ஓடைக்கு இறங்கி எதிர்க்கரை ஏறினால் போமோன்-ஹமெல். நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள் ஏறக்குறைய 800 பேர் ஜூலை 1 காலை அங்கே கிளம்பினார்கள். மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர். பதுங்குகுழிகளை அப்படியே புல் மூட விட்டிருக்கிறார்கள்.

கல்லறைகளையே பார்த்துக்கொண்டு போனால் மனம் மரத்துவிடும். ஆகவே ஊர்களையும் பாருங்கள். சோம் கிராமங்களில் பழைய கல்வீடுகளைத் தேடாதீர்கள். போர் எதையும் விட்டுவைக்கவில்லை. செங்கல் வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் 1920களில் புதிதாக எழுந்தவை. ஒவ்வோர் ஊரின் நடுவிலும் அந்த ஊர் இறந்தோரின் பெயர்த்தூண் இருக்கும். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருகிறதா என்று பாருங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவிடம் இந்தத் தூண்களின் வழியில் வந்ததுதான். பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் மடிந்தவர்களுக்கு எழுப்பியது.

கால் ஓய்வு கேட்கும்போது சோம் ஆற்றுக்கு இறங்கிவிடுங்கள். கால்வாய்க் கரையோரமாக பெரோன் வட்டாரத்திலிருந்து கடல் வரைக்கும் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் சைக்கிள் பாதை, மேடே கிடையாது. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும் என்பதால் கடற்கரை ஊரான சென்-வலரியில் தொடங்கிக் கிழக்கே வருவது நல்லது. தொடக்கத்திலேயே நுவாயெல் கிராமத்தில், போர் வேலைக்கு அழைத்துவரப்பட்ட சீனத் தொழிலாளர்களின் கல்லறை, 800க்கும் மேற்பட்ட கற்களோடு, வயல்களுக்கு நடுவே. பலர் 1918 இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் இறந்தவர்கள். முடிவில் பெரோன் கோட்டைக்குள் இருக்கும் பெரும்போர் அருங்காட்சியகம் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் மூன்று நாடுகளையும் சமமாக வைத்துக் கதை சொல்கிறது. நான் கண்ட போர் அருங்காட்சியகங்களில் இதற்கு ஈடில்லை.

மே, ஜூனில் போனால் வயலோரம் சிவப்பு பாப்பி. அக்டோபருக்கு மேல் சுண்ணாம்புக் கோடுகள் தெரியும், ஆனால் சர்க்கரைக் கிழங்கு அறுவடையில் டிராக்டர்கள் சாலையில் சேற்றை இழுத்துவந்து போடும், வழுக்கும். பாரிஸிலிருந்து ரயிலில் அமியான், அங்கிருந்து அல்பேர். மதியம் பன்னிரண்டுக்கு மேல் கிராமக் கடைகள் அடைத்துவிடும். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காலையிலேயே பையில் இருக்கட்டும். கல்லறை வாசலில் வண்டியைச் சாத்திவிட்டு நடந்தே உள்ளே போங்கள்.

இந்தியர் தடத்தைத் தேடுகிறவர்கள் பஸாந்தானுக்கும் லோங்வலுக்கும் இடையே நிற்கவேண்டும். 1916 ஜூலை 14 மாலை டெக்கான் குதிரைப்படை ஈட்டியோடு பயிருக்குள் பாய்ந்தது அங்கேதான். பெரோனின் தெற்கு ஓரத்தில் லா ஷாபலெத் கல்லறையில் இந்தியர்களுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. இன்னும் வடக்கே, தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போகவேண்டிய தூரத்தில், நவ்-ஷாபெல் இந்திய நினைவிடம். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தது, 1927இல் திறக்கப்பட்டது. 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள். கிளம்புவதற்கு முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் உங்களுக்குத் தோன்றும் ஒரு பெயரைத் தேர்ந்து, அது எந்தக் கல்லில் எந்த வரியில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, உங்கள் பாதை அந்த இடத்தைத் தொடும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.