எண்பது குஞ்சு, நான்கு கூளம்: மூன்று வார ஓட்டம்

நாமக்கல் என்றதும் கூண்டில் வரிசையாக நிற்கும் முட்டைக்கோழிதான் கண்ணுக்கு வரும். அதற்குக் கூளம் வேண்டாம். எச்சம் கம்பி இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும். கறிக்கோழிக் கொட்டகை போட்டவர்களுக்கும், கொல்லையில் நாட்டுக்கோழிக் குஞ்சு விடுகிறவர்களுக்கும்தான் தரையில் எதைப் பரப்புவது என்ற கேள்வி. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவற்றில் நான்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஐப்பசி மழைக்காலம். ஒருநாள் வயதுக் குஞ்சுகள் 80. தகரத் தடுப்பு வைத்து நான்கு அறை, அறைக்கு 20 குஞ்சு, ஒரு பல்பு, ஒரு தண்ணீர் டப்பா. கூளம் எல்லாவற்றிலும் 2 அங்குலம். முதல் வாரம் பல்பின் கீழ் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்தேன். குஞ்சு கூளத்தைத் தீனி என்று கொத்தாமல் இருக்க முதல் மூன்று நாள் மேலே செய்தித்தாள். வழவழப்பான தாள் கூடாது. கால் வழுக்கி விரிந்துகொள்ளும்.

ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் கருவி ஒன்றும் வாங்கினேன். நான்கு அறையிலும் அது ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டியது. அது அளப்பது காற்றை, கூளத்தை அல்ல. கைதான் சரியான கருவி. ஒரு பிடி எடுத்து இறுக்கிவிட்டுத் திறந்தால் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம்; மெல்ல உதிர்ந்தால் சரி; ஒட்டவே இல்லையென்றால் தூசி பறக்கும்.

நெல் உமி

அரிசி ஆலையில் மூட்டையாகக் கிடைக்கும். சிலிக்கா நிறைந்தது, சீக்கிரம் மக்காது, கட்டியும் பிடிக்காது. ஆனால் தண்ணீரை உறிஞ்ச மாட்டேன் என்கிறது. சிந்தியது அப்படியே அடித்தரைக்கு இறங்கிவிட்டது. குஞ்சு சீய்த்த உமியெல்லாம் தண்ணீர் டப்பாவில் மிதந்தது. 10க்கு 7.

தென்னை நார்க்கழிவு

கடையில் 5 கிலோ கட்டியாக விற்பது தோட்டத்துக்கானது. தண்ணீர் ஊற்றினால்தான் பிரியும். மழை நாளில் அதைக் காயவைக்க நான் பட்ட பாடு போதும். நார் ஆலையிலிருந்து உதிரியாக, காய்ந்ததாக வாங்குங்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைக் குடிக்கும். பாதங்கள் உலர்ந்தே இருந்தன. ஆனால் குடித்த ஈரத்தை எளிதில் விடாது. மூன்றாம் வாரம் டப்பாவைச் சுற்றிப் பணியாரம் போல இறுகிவிட்டது. 10க்கு 7.

மரச்சீவல்

இழைப்புளிச் சுருள் மெத்தென்று இருக்கிறது, ஈரத்தை வாங்கி விட்டும்விடுகிறது. பொடியான மரத்தூள் வேண்டாம். குஞ்சு தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும். பிளைவுட், மருந்தடித்த மரச்சீவலும் ஆகாது. தனியாகப் பார்த்தால் இதுதான் முதலிடம்; நம் பக்கம் சுத்தமானது கிடைப்பதுதான் அரிது. 10க்கு 8.

நிலக்கடலை ஓடு

உடைத்துப் போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாம் வாரம் ஒரு மூலையைக் கிளறினேன். சாம்பல் நிறப் பூஞ்சணம். அதன் வித்துக்கள் குஞ்சின் நுரையீரலுக்கு எமன். அன்றே அள்ளிக் கொட்டினேன். மழைக்காலத்தில் 10க்கு 3.

எது தேறியது?

அறையின் நடுப்பகுதியைப் பார்த்தால் நான்குமே நல்ல கூளம்தான். கடலை ஓட்டின் பூஞ்சணத்தை விட்டால், தோற்றது எல்லாமே தண்ணீர் டப்பாவைச் சுற்றி ஒரு சாண் வட்டத்தில். அங்கேதான் அமோனியா நெடி. நின்று முகர்ந்தால் தெரியாது. குஞ்சின் தலை உயரத்துக்குக் குனிந்தேன், கண் எரிந்தது. இரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டைகளும் சூடும் ஈரமும் சேர்ந்தால் ஓரிரு நாளில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். சிலர் சுண்ணாம்பு தூவச் சொல்வார்கள். ஈரம் குறையும், ஆனால் எச்சத்திலிருக்கும் அமோனியாவை அதுவே கிளப்பிவிடும். குஞ்சு உள்ளே இருக்கும்போது வேண்டாம்.

அடுத்த தொகுதிக்கு அடியில் ஒரு அங்குலம் நார்க்கழிவு, மேலே ஒரு அங்குலம் உமி என்று போட்டேன். உமி விட்ட ஈரத்தை நார்க்கழிவு வாங்கிக்கொண்டது. மேற்பரப்பு காய்ந்தே இருந்தது. தினமும் காலையில் ஒரு கிளறு. இந்தக் கலவைக்கு 9 தரலாம்.

மீதி ஒரு மதிப்பெண் அரைச் செங்கலுக்கு. டப்பாவை அதன்மேல் ஏற்றி, விளிம்பு குஞ்சின் முதுகு மட்டத்தில் நிற்கும்படி வைத்தேன். குஞ்சு வளர வளரச் செங்கலும் ஏறியது. சிந்துவது பாதிக்கு மேல் நின்றது. கூளத்துக்குக் கொடுத்த காசெல்லாம் ஒருபுறம். வாசலில் சும்மா கிடந்த செங்கல் செய்த வேலை ஒருபுறம்.