ஜெல்லி சொல்லும் சாட்சி

டிஸ்கவரி சேனலில் 2003-ல் ஆரம்பித்த 'மித்பஸ்டர்ஸ்' பார்த்திருப்பீர்கள். மேஜைமேல் ஒரு பெரிய ஜெல்லிக் கட்டி. துப்பாக்கி வெடிக்கும். ஸ்லோமோஷனில் கட்டி பலூன் மாதிரி உப்பி, குலுங்கி, அடங்கும். சுற்றி நிற்பவர்கள் 'ஓ' போடுவார்கள். நானும் வீட்டிலிருந்தே போட்டிருக்கிறேன். நல்ல நிகழ்ச்சிதான். என் புகாரெல்லாம் அந்த உப்பலைப் பற்றி.

கட்டி வேறொன்றுமில்லை. பழ ஜெல்லியில் போடுகிற ஜெலட்டின் நூற்றுக்குப் பத்துப் பங்கு, மிச்சம் தண்ணீர். நாலு டிகிரி குளிரில் வைத்துச் சுட்டால், தோட்டா தசைக்குள் எவ்வளவு ஆழம் போகுமோ ஏறக்குறைய அவ்வளவு போகிறது. பன்றித் தசையோடு ஒப்பிட்டு இதை நிலைநிறுத்தியவர் மார்ட்டின் ஃபேக்லர். வியட்நாம் போரில் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்த அமெரிக்க ராணுவ சர்ஜன்.

அவர் சொன்னது இதுதான். தோட்டா நசுக்கிக்கொண்டு போகிற வழி வேறு. சுற்றியுள்ள சதை ஒரு கணம் விலகி உண்டாகிற குழி வேறு. முதலாவது நிலைக்கும். இரண்டாவது பெரும்பாலும் மூடிக்கொள்ளும், ஏனென்றால் தசையும் நுரையீரலும் இழுபட்டுத் திரும்பக்கூடியவை. (கல்லீரல் பாவம், கிழிந்துவிடும்.) நான் பி.காம். வந்த கையோடு திரும்பிப் போன பணத்தை லாபத்தில் எழுதக் கூடாது என்று படித்தவன். டி.வி. அதைத்தான் எழுதுகிறது.

இது வெறும் கணக்குச் சண்டை இல்லை ஸார். 'அதிவேகத் தோட்டாவாம்' என்ற ஒரே காரணத்துக்காக, பிழைக்கக்கூடிய தசையையும் டாக்டர்கள் வெட்டி எறிகிறார்கள் என்பது ஃபேக்லரின் கோபம். காயத்தைப் பார்த்து வெட்டுங்கள், வேகத்தைக் கேட்டு வெட்டாதீர்கள் என்று கட்டுரை கட்டுரையாக வாதாடினார்.

போலீஸ் பக்கமும் ஒரு கதை உண்டு. 1986 ஏப்ரல், மயாமி. எஃப்.பி.ஐ.க்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை. ஒரு தோட்டா, கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் புகுந்து, இதயத்தைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு ஏஜென்ட்டுகள் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் எஃப்.பி.ஐ. ஜெல்லியில் குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும் என்றது. கேட்டது ஆழத்தை. உப்பலை யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் ஜெல்லிக்கு எலும்பு கிடையாது, தோல் கிடையாது, பயம் கிடையாது.

அடுத்த முறை பார்த்தால், கட்டி அடங்கினதும் உள்ளே தெரிகிற அந்த மெல்லிய கோட்டைக் கவனியுங்கள். அதற்குள் விளம்பரம் வராமல் இருந்தால்.