வெள்ளைத்தாளில் நிற்கும் பறவை

மதுரையில் பறவை ஓவியக் கண்காட்சி ஒன்றையும் அதையொட்டி நடந்த பேச்சுகளையும் பார்த்துக் கேட்டுவிட்டு ஆனையூருக்கு பஸ் ஏறினேன். ஒரு கேள்வி கூடவே வந்தது. சுவரில் மாட்டியிருந்த பறவைகளெல்லாம் எந்தத் தண்ணீரில் நின்றன? ஒன்றின் காலடியிலும் தண்ணீர் இல்லை. வெறும் வெள்ளைத்தாள்தான்.

இந்த வெள்ளைத்தாள் ஒன்றும் அப்பாவியல்ல. கம்பெனி காலத்து இயற்கை வரலாற்று ஓவியத்திலிருந்து வருவது அது. அதிகாரிகளுக்காக நம் ஓவியர்கள் பறவைகளை, பல சமயம் சுட்டுக்கொண்டுவந்த உடல்களைப் பார்த்து, வரைந்தார்கள். இனம் பிரிக்க இறகும் அலகும் காலும் போதும். கண்மாய் எதற்கு, கருவேலமரம் எதற்கு? பறவைக்குப் பெயர் கிடைத்தது. வரைந்தவன் பெயர் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

பேச்சிலும் இதே வெட்டல்தான். வக்கா, நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை என்று நம்ம ஊர்ப் பெயர்கள் ஆங்கிலப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிபோல வந்துபோயின. கண்ணி வைப்பவன் குற்றவாளியாக மட்டுமே வந்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பறவை எந்த மாதம் எந்தக் கரையில் இறங்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அறிவு 'தகவல்' ஆகி மேடையேறுகிறது. அவன் வெளியே நிற்கிறான்.

வேடந்தாங்கல் கதை நினைவுக்கு வருகிறது. 1790களில் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக்கொடுத்தார். ஊரார் அதைக் கேட்டது அழகுக்காக மட்டுமல்ல. எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். உழைப்பும் பறவையும் ஒரே தண்ணீரில் இருந்தன. கண்காட்சி அழிப்பது இந்த உறவைத்தான்.

அப்படியானால் பட்டியலே அதிகாரத்தின் சொல்லாடல், தூக்கி எறி என்று முடித்துவிடலாமா? அங்கேதான் அரிட்டாபட்டி குறுக்கே நிற்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டபோது, சுமார் 250 வகைப் பறவைகளும் அவற்றுள் லகர் வல்லூறும் முக்கியச் சான்றாகச் சொல்லப்பட்டன. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க உரிமம் ஏலம் போனது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வல்லூறு காப்பாற்றியது என்று சொன்னால் நடந்தவர்களுக்குத் துரோகம். நடந்த கால்கள்தான் காப்பாற்றின. ஆனாலும் அரசுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் அவர்கள் கையில் ஒரு வாதம் இருந்தது. அந்த வாதத்தில் வல்லூறு தனியாக வரவில்லை. பாறை, சுனை, சமணப் படுக்கை, கண்மாய், ஆட்டுமந்தை எல்லாவற்றோடும் வந்தது. ஆகவே பட்டியல் இருக்கட்டும். அது யார் கையில், எதனோடு சேர்ந்து இருக்கிறது என்பதே கேள்வி.

மா. கிருஷ்ணன் (1912–1996) எழுதவும் வரையவும் தெரிந்தவர். காட்டு யானையை எழுதிய அதே கவனத்தோடு வீட்டுப்பக்கத்து உயிர்களையும் எழுதினார். அவருக்குப் பிறகு வரைகிறவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். ஆனையூர்க் கண்மாய் 2011இல் மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டது. கரையை, மடையை, குப்பையை, அங்கே துணி துவைக்கிறவளை வரையுங்கள். நடுவில் ஒரு கொக்கு நிற்கட்டும். அடுத்த பேச்சை அந்தக் கரையிலேயே வைத்துக்கொள்வோம். முதலில் அவள் பேசட்டும்.