ஒரு விண்வெளிப் படமும் அது காட்டாதவையும்

இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும் அசைவூட்டப் படத்தை நீங்கள் வகுப்பறையிலோ கைப்பேசியிலோ பார்த்திருக்கக்கூடும். நாசா 2017 அக்டோபரில் வெளியிட்டது. விண்மீன்கள் சுழன்று நெருங்கி மோதுகின்றன. இருபுறமும் ஒளித்தாரைகள் பாய்கின்றன. சிதறிய பொருள் நீலமாக ஒளிர்ந்து பின் சிவக்கிறது. அழகான படம்தான். அந்த நிறமாற்றமும் கற்பனையன்று, தொலைநோக்கிகள் கண்டதே. ஆனால் இதை மட்டும் பார்க்கும் மாணவர், மோதல் முழுவதையும் விஞ்ஞானிகள் நேரில் கண்டார்கள் என்றல்லவா நினைப்பார்?

உண்மையில் நடந்தது என்ன? 2017 ஆகஸ்டு 17, நம் நேரப்படி மாலை 6 மணி 11 நிமிடம். ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் சூரியன் இன்னும் மறையவில்லை. அங்கே தென்மேற்கு வானில், அடிவானுக்கு ஏறத்தாழ 37 பாகை மேலே, என்.ஜி.சி. 4993 என்னும் விண்மீன் மண்டலம் கண்ணுக்கு எட்டாமல் நின்றது. தொலைவு 13 கோடி ஒளியாண்டு. அங்கிருந்து வந்த ஈர்ப்பலை, ஏரிக்கரையில் நின்றவர்களின் உடலையும் ஊடுருவிச் சென்றது, யாரும் உணரவில்லை. காமாக் கதிர்களைக் காற்றுமண்டலம் தடுத்துவிட்டது.

அமெரிக்காவின் லைகோ கருவிகள் அந்த அலையைச் சுமார் 100 விநாடி பதிவு செய்தன. மோதல் நிகழ்ந்த 1.7 விநாடிக்குப் பின் ஃபெர்மி செயற்கைக்கோள் காமாக் கதிர்களை உணர்ந்தது. சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒளியைக் கண்டது சுமார் 11 மணி நேரம் கழித்து. எக்ஸ் கதிர் கிடைக்க 9 நாள், ரேடியோ அலைக்கு 16 நாள். தாரை நேராக நம்மை நோக்காமல் விலகிப் பாய்ந்ததே பிந்திய இரண்டின் தாமதத்திற்குக் காரணம். படமோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறது.

எனக்கு இதைவிடப் பெரிய குறை, கிடைக்காத செய்திகளுக்குப் படத்தில் இடமே இல்லை என்பது. இத்தாலியிலுள்ள விர்கோ கருவியில் அலை மிக மங்கலாகவே விழுந்தது. கருவி பழுதாகவில்லை. மோதல் அதன் 'குருட்டுத் திசை'க்கு அருகே நிகழ்ந்தது என்பதே பொருள்! தேட வேண்டிய பரப்பு அதனால் சுமார் 30 சதுர பாகையாகச் சுருங்கியது. நம் ஆஸ்ட்ரோசாட்டிலும் காமாக் கதிர் பதியவில்லை. அப்போது பூமி குறுக்கே நின்றது. அதுவும் ஒரு தடயமாயிற்று.

நியூட்ரினோத் துகள்கள்? தென்துருவப் பனியில் புதைத்த ஐஸ்கியூப் உட்பட மூன்று ஆய்வுநிலையங்கள், மோதலுக்கு முன்னும் பின்னும் 500 விநாடியும், அதன்பின் 14 நாளும் தேடின. இம்மோதலுக்குரிய உயராற்றல் நியூட்ரினோ ஒன்றுகூட அகப்படவில்லை. விலகிப் பாய்ந்த தாரை என்ற கருத்துக்கு இதுவும் இசைவானதே.

அடுத்தமுறை இப்படத்தைத் திரையிடும் ஆசிரியர், தாரை பாயும் கட்டத்தில் சற்று நிறுத்தட்டும். கரும்பலகையில் 1.7 விநாடி, 11 மணி, 9 நாள், 16 நாள் என்று எழுதட்டும். நியூட்ரினோ என்ற சொல்லுக்கு எதிரே ஒரு சுழியையும் போடட்டும்.