நட்பின் இயலும் செவ்வாய்க்கிழமை மேசையும்

சி. எஸ். லூயிஸ் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நான்கு அன்புகள்' என்னும் நூல் பாசம், நட்பு, காதல், இறையன்பு ஆகியவற்றைத் தனித்தனி இயல்களில் ஆராய்கிறது. அவற்றுள் நட்பைப் பற்றிய இயலே நம்மைப் பெரிதும் ஈர்க்கிறது. நம்மைப் பெரிதும் வழக்காடத் தூண்டுவதும் அதுவே. அந்த இயலுக்குப் பின்னால் ஒரு மேசை இருக்கிறது. அதை அறியாமல் படிப்பவர் நூலில் பாதியை இழந்துவிடுகிறார்.

ஆக்ஸ்ஃபோர்டு நகரின் செயின்ட் ஜைல்ஸ் தெருவில் 'ஈகிள் அண்ட் சைல்டு' என்னும் பப் இருந்தது. 1930களின் பிற்பகுதி முதல், செவ்வாய்க்கிழமைதோறும் நண்பகல் உணவுக்குமுன், அதன் பின்னறையில் நண்பர் சிலர் கூடினர். 'இங்க்லிங்ஸ்' என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர். தலைவர், செயலர், சந்தா, குறிப்பேடு எதுவும் கிடையாது. (பங்குதோறும் சங்கங்கள் அமைத்துத் தேர்தல் நடத்திக் களைத்துப்போன நமக்கு இது சற்றுப் பொறாமையூட்டும் செய்திதான்!) பப் என்றதும் வாசகர் முகம் சுளிக்கலாம். குடியினால் குடும்பங்கள் சீரழியக் கண்டவர்கள் நாம், அச்சுளிப்பு நியாயமானதே. ஆயினும் ஆங்கிலேயருக்குப் பப் என்பது அக்கம்பக்கத்தார் அமர்ந்து உரையாடும் பொதுவிடமும் ஆகும்.

அங்கே யார் யார் அமர்ந்தனர் என்பது நாம் கருதத்தக்கது. லூயிஸும் அவர்தம் தமையன் வார்னியும் ஆங்கிலிக்கன் சபையினர். டோல்கீனும் மருத்துவர் ஹாவர்டும் கத்தோலிக்கர். டொமினிக்கன் துறவி ஜெர்வேஸ் மாத்யூவும் வந்து சென்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது 1962இல். அதற்கு முன் இத்தகைய தோழமை எளிதில் வாய்ப்பதன்று. பெல்ஃபாஸ்டில் பிறந்த லூயிஸிடம் கத்தோலிக்கரைப் பற்றிய பழைய தப்பெண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது என்ற மனக்குறை டோல்கீனுக்கு இருந்தது. எனினும் 1931 செப்டம்பரில் ஓர் இரவு டோல்கீனும் ஹூகோ டைசனும் அவரோடு நெடுநேரம் நடந்து உரையாடியது, லூயிஸ் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ள வழி திறந்தது. பதிலுக்கு லூயிஸ் செய்ததும் சிறிதன்று. வியாழன் இரவுகளில் அவரது கல்லூரி அறையில் டோல்கீன் 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' கதையைப் பகுதி பகுதியாக வாசித்தார். லூயிஸின் ஊக்கம் இல்லையேல் அதை முடித்திருக்க மாட்டோம் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இனி நூலுக்கு வருவோம். நட்பு பொறாமை அறியாது, இருவர் மூவராவதை அது வரவேற்கும் என்கிறார் லூயிஸ். சான்றாகச் சார்லஸ், ரானல்டு என்னும் இரு நண்பர்களை நினைவுகூர்கிறார். சார்லஸ் இறந்தபின் ரானல்டு முழுமையாகத் தமக்குக் கிடைத்துவிடவில்லை. சார்லஸின் நகைச்சுவைக்கு மட்டுமே மலர்ந்த ரானல்டின் முகம் அவரோடு மறைந்தது. ஆகவே ரானல்டும் குறைந்துபோனார் என்கிறார். நூலில் இதற்கு இணையான பகுதி வேறில்லை. 1939இல் போர் காரணமாக ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து 1945 மே மாதம் திடீரென மறைந்த சார்லஸ் வில்லியம்ஸே அந்தச் சார்லஸ். ரானல்டு என்பது டோல்கீன்.

ஆனால் ரானல்டு என்ன எண்ணினார்? வில்லியம்ஸின் வருகையே லூயிஸைத் தம்மிடமிருந்து முதலில் பிரித்தது, பின்னர் லூயிஸின் திருமணம் பிரித்தது என்று டோல்கீன் பிற்காலத்தில் எழுதினார். மூன்றாமவர் வந்தபோது இருவருள் ஒருவர் மகிழ்ந்தார்; மற்றவர் மௌனமாக வருந்தினார். தம் எடுத்துக்காட்டே தம் கோட்பாட்டை மறுப்பதை லூயிஸ் காணவில்லை. நட்பில் பொறாமைக்கு இடமில்லை என்று விதி வகுத்ததைவிட, அப்பொறாமையை நண்பர்கள் எவ்வாறு பொறுத்துக்கொண்டனர் என்று எழுதியிருந்தால் நூல் இன்னும் உண்மையாக இருந்திருக்கும்.

பெண்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதை நம்மால் ஏற்க இயலவில்லை. ஆண்களின் உரையாடலுக்குள் நுழையும் பெண்களை அவர் எள்ளுகிறார். டாரத்தி சேயர்ஸ் லூயிஸுக்கும் வில்லியம்ஸுக்கும் நண்பர், சிறந்த எழுத்தாளர். அவர் அந்த மேசையில் அமர்ந்ததே இல்லை. 1956இல் ஜாய் டேவிட்மனை மணந்து அவரிடம் அறிவுத் தோழமையையும் கண்டவர் இப்படி எழுதியது வியப்பே.

இறையியலில் நமக்குள்ள வேறுபாடு இன்னும் ஆழமானது. கடவுளின் அன்புக்கு உவமையாக விவிலியம் நட்பை அரிதாகவே கையாளுகிறது என்கிறார் லூயிஸ். நட்பு விண்ணக அன்புக்கு மிக நெருங்கியது. உவமையையே பொருளென்று நாம் மயங்கிவிடக் கூடும் என்பது அவர் தரும் காரணம். நுட்பமான காரணந்தான். ஆனால் புனித தாமஸ் அக்குவினாஸ் வேறு வழியில் செல்கிறார். இறையன்பு என்பதே மனிதர் கடவுளோடு கொள்ளும் நட்பு என்று வரையறுக்கிறார். ஆண்டவர் தம் சீடரைப் பணியாளர் என்னாது நண்பர் என்றழைத்த யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரமே அவருக்கு ஆதாரம். இவ்வரையறையைக் கொண்டு பார்த்தால், செவ்வாய் மேசையின் சிரிப்பும் சச்சரவும் மனக்குறையும் இறையன்புக்கு வெளியே நிற்பவை அல்ல. லூயிஸ் நட்பையும் இறையன்பையும் வெவ்வேறு இயல்களாகப் பிரித்து எழுதியதில் இவ்வுறவு மங்கிவிட்டது.

1962இல் நண்பர்கள் எதிரிலிருந்த 'லேம்ப் அண்ட் ஃபிளாக்' என்னும் பப்புக்கு மாறினர். அதற்குள் டோல்கீனின் வருகை மிகவும் அருகியிருந்தது. 1963 நவம்பர் 22 அன்று லூயிஸ் இறந்தார். நான்கு நாள் கழித்து அடக்கம். அன்று காலை, ஆங்கிலிக்கன் நண்பருக்காகத் திருப்பலி ஒன்று ஒப்புக்கொடுக்க டோல்கீன் ஏற்பாடு செய்திருந்தார். 71 வயதில் அவரே பீடத்தில் பணிவிடை செய்தார். மருத்துவர் ஹாவர்டும் அங்கே இருந்தார்.