காண்டவத்துப் புகையும் கானவர் தீயும்

பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்த ஜீவனஹள்ளியில் நண்பர் சிலர் ஞாயிறுதோறும் கூடி வில்லிபாரதம் படித்து வருகிறோம். ஆதிபருவத்தின் இறுதியில் உள்ள காண்டவதகனச் சருக்கத்தைப் படித்து முடித்த அன்று, எம்முள் இளையவரான அன்பர் ஒருவர், “ஐயா, அந்தக் காட்டிலிருந்த மான்களெல்லாம் என்னவாயின?” என்று வினவினார். அவையில் எவரும் உடனே விடை கூறவில்லை. எளிய வினாவே, ஆயினும் அதற்கு விடை தேடப் புகுந்தபோது, நம் இலக்கியங்கள் தீயையும் வேட்டையையும் நோக்கிய முறையையே மீண்டும் ஆராய வேண்டியதாயிற்று. அவ்வாராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

அவ்வினா காரணமின்றி எழுந்ததன்று. 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நம் நகருக்குத் தென்மேற்கே தமிழக எல்லையை ஒட்டிய பந்திப்பூர்க் காட்டில் மூண்ட தீ ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கருக்கியதை நாம் மறந்திலோம். மூங்கில் உராய்ந்து தீப்பிறக்கும் என்று பழம்புலவர் பாடினர். இன்று நம் நாட்டுக் காடுகளில் மூளும் தீயிற் பெரும்பகுதி மனிதர் கையால் மூள்வது. காடு பற்றினால் விலங்கு புகையில் திசை தடுமாறித் திறந்த வெளிக்கு ஓடிவரும். அங்கே ஆயுதத்தோடு காத்து நிற்பவனுக்குத் திறமை எதுவும் தேவையில்லை. காண்டவத்தில் நிகழ்ந்ததும் இதுவே அன்றோ?

கதையை நினைவு கூர்வோம். அந்தண வடிவில் வந்த அக்கினி, தன் பசி தீர்க்குமாறு கண்ணனையும் அருச்சுனனையும் வேண்டுகிறான். அவன் வேண்டிய உணவு காண்டவ வனம். இந்திரன் மழை பொழிந்து காக்க முயல, அருச்சுனன் அம்புகளால் கூடம் சமைத்து மழையைத் தடுக்கிறான். இருவரும் காட்டின் இருபுறமும் நின்று, தப்பி வெளிவரும் உயிர்களை வீழ்த்துகின்றனர். வியாசர் இந்தத் தீயினின்று உய்ந்தோரை எண்ணியே சொல்கிறார்: தக்ககனின் மகன் அசுவசேனன், தச்சனாகிய மயன், சார்ங்கப் பறவைக் குஞ்சுகள் நான்கு, ஆக அறுவர். அவர்களுள் மான் இல்லை. இளைய அன்பரின் வினாவுக்கு நேர் விடை இதுதான்.

இதனைக் காவியம் எவ்வாறு நம்மை ஏற்றுக்கொள்ளச் செய்கிறது என்பதே திறனாய்வாளன் நோக்க வேண்டியது. கதை வேட்டையாகத் தொடங்கவில்லை, விருந்தாகத் தொடங்குகிறது. பசித்து வந்தவனுக்கு உணவளித்தல் அறம். அந்த அறத்தின் நிழலில் காடு உணவாகிறது. மான் ஒரு கவளமாகிறது. பின்னர் இந்திரன் போருக்கு எழுந்தவுடன் கதை வீரமாக மாறுகிறது. படிப்போர் கண்கள் வானத்தை நோக்கித் திரும்பிவிடுகின்றன. கொடைக்கும் வீரத்துக்கும் இடையே, தரையில் ஓடும் விலங்கு கண்ணிற் படாமற் போகிறது. வில்லிபுத்தூராரின் சந்த நயமும் உவமை வளமும் நாம் தலைவணங்கத் தக்கவை. எனினும் அந்த நயமே இங்கு இரண்டாவது புகையாகக் கவிந்துள்ளது என்று கூறத் துணிகிறோம்.

மராத்திய அறிஞர் ஐராவதி கார்வே தம் ‘யுகாந்தா’ நூலில் இந்த எரிப்பைக் கடுமையாக விசாரித்தார். 1968இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற நூல் அது. நிலத்தைக் கைக்கொள்ளும் நோக்கு இதன் பின்னே இருந்தது என்பது அவர் கண்ட பொருள். அவ்வாதம் வரலாற்று நோக்கில் வலுவுடையது. நம் அக்கறை இலக்கிய நோக்கிலானது: தமிழ் மரபு இக்காட்சிக்கு மாற்றாக எதையேனும் வைத்துள்ளதா?

வைத்துள்ளது. புறநானூற்றின் 193ஆம் பாட்டில் ஓரேருழவனார் ஒரு மான் வேட்டையைக் காட்டுகிறார். உரித்த தோலைப் பரப்பினாற் போன்ற நெடிய வெண்களர் நிலம், துரத்துபவன் ஒருவன், ஓடுவது ஒரு மான். மறைவு ஏதுமில்லை. அந்த மானும் ஓடிப் பிழைத்தல் கூடும் என்கிறார் புலவர். இல்வாழ்க்கையோ காலைத் தடுத்துவிடுகிறது என்று தம்மை நொந்துகொள்கிறார். துரத்தப்படும் மானின் இடத்தில் தம்மையே வைத்துப் பார்த்த புலவர் அவர்.

320ஆம் பாட்டில் வீரைவெளியனார் காட்டும் குடிசை முற்றமோ வேறு வகை. வேட்டுவன் களைத்து உறங்குகிறான். அவன் பழக்கி வைத்த பார்வை மானோடு காட்டுக் கலைமான் ஒன்று கூடி விளையாடுகிறது. மனைவி அசையவில்லை. ஓசை எழுந்தால் கணவன் விழிப்பான். கலை பிணையைப் பிரிந்து ஓடும். இந்த இரண்டு அச்சங்களால் அவள் வாளா இருக்க, மான்தோலில் உலரும் தினையைக் கானக்கோழியும் இதலும் தின்றுவிடுகின்றன. அந்த வீட்டில் ஊன் உணவும் உண்டு, விருந்தும் உண்டு. ஆகவே, இது கொல்லாமை பேசும் பாட்டன்று. கொன்று உண்பவர் இல்லத்திலும் கொல்லலாகாத ஒரு வேளை உண்டு என்பதே அதன் செய்தி.

இவ்விரண்டினும் மேலாக நாம் கருதுவது 247ஆம் பாட்டு. பூதப்பாண்டியன் தேவி தீப்பாயச் செல்வதைப் பாடிய மதுரைப் பேராலவாயார், கானகத்துத் தெய்வ முன்றில் ஒன்றைக் காட்டுகிறார். யானை கொணர்ந்த உலர்ந்த விறகில் கானவர் தீ மூட்டியுள்ளனர். அந்தத் தீயின் வெளிச்சத்தில் மான் நிரை உறங்குகிறது. முன்றிலைச் சீக்கும் மந்தி அதனை எழுப்புகிறது. வேட்டுவர் மூட்டிய தீயருகே மான் உறங்குகிறது! அதே பாட்டில், நீர் சொட்டும் கூந்தலோடு ஓர் அரசி ஈமத்தீயை நோக்கி நடக்கிறாள். மானுக்கு அஞ்சவேண்டாத தீ ஒன்று. மனிதப்பெண் புகும் தீ ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் புலவர் யாதும் கூறாது விலகுகிறார்.

“புலவர் வனக்காவலர் அல்லர், காவியத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?” என்று கூட்டத்தில் மூத்த நண்பர் ஒருவர் மறுத்தார். நியாயமான மறுப்பு. மான் வேட்டையைக் குற்றமாக்கிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டினது. அதனைக் கொண்டு பாண்டவரை விசாரிப்பது பேதைமை. ஆனால், காவியம் தன் கணக்கைத் தானே தீர்க்கிறது என்பதை அவருக்கு நினைவூட்டினோம்.

புகையில் தாயை இழந்து தப்பிய அசுவசேனன், கன்னபருவத்தில் கர்ணனின் நாகக் கணையாகத் திரும்பி வருகிறான். கண்ணன் தேரை அழுத்தியதால் அருச்சுனன் முடியோடு போயிற்று. அவன் பேரன் பரீட்சித்துக்கு அந்தக் காப்பு வாய்க்கவில்லை. வியாச பாரதத்தில் பரீட்சித்து காட்டில் ஒரு மானை எய்கிறான். அடிபட்ட மான் கண்ணினின்று மறைகிறது. அதனைத் தேடிச் சென்றவன், மௌன விரதம் பூண்ட முனிவர் தோளில் இறந்த பாம்பை இடுகிறான்; சாபம் பெறுகிறான்; தக்ககனால் மாள்கிறான். காண்டவத்தில் எவர் கண்ணிலும் படாத மான், மூன்றாம் தலைமுறையில் ஓர் அரசனை அவன் முடிவுக்கு அழைத்துச் செல்வதைக் காண்கிறோம். பின்னும் சனமேசயன் வேள்வியில் புகை எழுகிறது.

கம்பரும் இவ்வுண்மையை அறிந்தவரே. நீர் மொள்ளும் ஓசையை யானை என்று எண்ணி இருளில் அம்பெய்த தயரதன், பார்வையற்ற பெற்றோரின் ஒரே மகனைக் கொல்கிறான். வேட்டை அரசர்க்கு உரியதே. காணாமல் எய்ததே அவன் பிழை. புத்திர சோகத்தால் இறக்கும்போது அவன் கோசலையிடம் ஒப்புக்கொள்வதும் அதுவே. இருளுக்கும் புகைக்கும் வேறுபாடு சிறிதே. எதிரில் உள்ள உயிரைக் காணாது எய்பவன், தான் எய்தது யாரை என்பதைப் பின்னரே அறிகிறான்.

ஆகவே, காண்டவதகனத்தைப் படிக்க வேண்டா என்று நாம் சொல்லவில்லை. அதனோடு புறநானூற்றின் 247ஆம் பாட்டையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அருச்சுனன் வில்லை மட்டும் காட்டி, கானவர் தீயருகே உறங்கிய மானைக் காட்டாது விட்டால், நம் மரபின் பாதியையே அவர்கள் பெறுவர். அடுத்த ஞாயிறன்று எங்கள் கூட்டத்தில் அந்தப் பாட்டைப் படித்தோம். வினா எழுப்பிய அன்பரே வாய்விட்டுப் படித்தார். மறுப்புரைத்த மூத்தவர், மான் உறங்கும் அடி வந்ததும், மீண்டும் ஒருமுறை படிக்குமாறு கேட்டுக்கொண்டார்.