பாறையும் மலிவுத்தாளும்: வெகுசன வாசிப்பின் எண்ணிமச் சேகரங்கள் பற்றி

திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிக் கடலோரப் பாறையிற் பொறிக்கப்பட்டுள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு, பரணவிதானவினால் வாசித்துப் பதிப்பிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வரிகளுக்கு ஆய்வுலகிற் குறைவற்ற மதிப்புண்டு. அவ்வூரவர் 1970களில் எதனை வாசித்துப் பொழுது போக்கினர் என்ற கேள்விக்கோ நமது துறைகள் இடமளித்தது அரிது. மலிவுத்தாள் பாறையன்று. போர்க்கால இடப்பெயர்வுகளும், 2004 டிசெம்பர் 26 இல் இக்கரையைத் தாக்கிய கடற்கோளும் விட்டுவைத்தவை சொற்பமே.

இதில் நமக்கும் பங்குண்டு. 1970களின் முற்பகுதியிலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டபோது முற்போக்கு அணியினர் அதனை வரவேற்றனர். அவ்வரவேற்பு முற்றிலும் தவறென்று கூறோம். அச்சூழலிலேதான் வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகின, அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) போன்ற நாவல்கள் பரந்த வாசகரை எட்டின. ஆயின் 'நசிவிலக்கியம்' என்று தீர்ப்பு வழங்கிய நாம், தீர்ப்புக்குரிய சான்றுகளைப் பேணத் தவறினோம். நூலகங்கள் வாங்காதவற்றை வாசகன் பெட்டியில் வைத்திருந்தான்.

இன்று அப்பெட்டிகளே எண்ணிம வடிவம் பெறுகின்றன. 1972 இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களை இரசிகர்கள் பக்கம் பக்கமாக வருடியெடுத்துள்ளனர். இலங்கை வானொலித் தமிழ் ஒலிபரப்புகள் நேயர்களின் ஒலிநாடாக்களிலிருந்து மீட்கப்படுகின்றன. ஈழத்து வெளியீடுகளுக்கு, 2005 இல் தன்னார்வலர் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஒழுங்கான முன்மாதிரியாக அமைந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நாட்டில், தனிப்பட்டோரின் இம்முயற்சியைப் பொழுதுபோக்கென்று ஒதுக்குதல் பொருந்தாது.

சிக்கல், 'சரோஜாதேவி' என்ற பெயரில் உலவிய பாலியற் சிறுநூல்களில் எழுகின்றது. எழுதியவர், ஆண்டு, அச்சகம் ஆகியவற்றை அவை பெரும்பாலும் மறைத்தன. தலையணைக்கடியில் ஒளிக்கப்பட்டவை, வாசித்ததாக ஒப்புக்கொண்ட பேராசிரியரை நாம் இன்னுங் கண்டிலோம்! ஆண்மை, சாதி, குடும்பம் பற்றிய அக்கால மனப்பாங்கை ஆராய்வோர்க்கு இவை சான்றுகளே. ஆயினும் இரசிகச் சேகரத்தின் கண் பெரும்பாலும் ஆணின் இளமை ஏக்கத்தின் கண். இத்தகைய அச்சுப்பண்டங்களிற் படமாக்கப்பட்ட பெண் உடன்பட்டாளா என்று அது கேட்பதில்லை. அன்று சில நூறு கைகளிற் சுழன்ற முகம் இன்று எல்லையின்றிப் பெருக்கப்படுகின்றது. எழுத்தை ஆய்வுக்குத் திறந்து, அடையாளங் காணத்தக்க ஒளிப்படங்களைப் பொதுப்பார்வையினின்றும் விலக்குதலே நேர்மையானது என்பது நம் கருத்து.

இன்னொரு குறை. அட்டைப்படத்தைத் துலக்கும் ஆர்வத்தில் விளம்பரம், விலைமுத்திரை, கைமாறிய பெயர்கள் ஆகியவற்றைச் சில சேகரிப்பாளர் அழித்துவிடுகின்றனர். சமூகவியலாளனுக்கு வேண்டியவை அவையே. ஒரு பிரதி குச்சவெளிக்கு எந்தக் கடைவழி வந்தது, எத்தனை வீடுகளுக்குச் சென்றது என்பதை அவ்வழுக்குப் பக்கங்களும், அன்று வாசித்து இன்று முதுமையடைந்தோரின் வாய்மொழியுமே உரைக்கவல்லன. அவ்வாய்மொழியைப் பதிவுசெய்ய மாணவர் எவரேனும் ஒலிப்பதிவுக் கருவியுடன் புறப்படுவாராயின், முதலிற் செல்லவேண்டியது அக்கரையோர வீடுகளுக்கே.